முடிவெடுக்கும் உரிமை இல்லாத குழுக்கள்: அஜைல் பணிமுறையின் நடைமுறைச் சிக்கல்கள்

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். மறுநாள் சென்னை பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஆயிரக்கணக்கான மென்பொருள் ஊழியர்களின் சாயங்காலம் மாறிப்போகிறது. நியூயார்க் நேரம் காலை 9 மணிக்கு நடக்கும் அன்றாட ஸ்டாண்டப் கூட்டம் அதுவரை இங்கே இரவு 7.30க்கு இருந்தது, இனி மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு வந்தால் திரும்பவும் 7.30. கிளையன்ட் கலிஃபோர்னியாவில் இருந்தால் அதுவே இரவு 9.30, பிறகு 10.30. கூட்டம் 15 நிமிடம்தான். ஆனால் கம்பெனி கேப் எத்தனை மணிக்குக் கிளம்பும், பிள்ளைக்கு யார் சோறூட்டுவது, சிறுசேரியிலிருந்து தாம்பரம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் அந்த 15 நிமிடத்தைச் சுற்றித்தான் அமைகின்றன. தன் வேலையைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் குழு என்று ஏட்டில் இருக்கிறது. தன் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்லும் உரிமைகூட அந்தக் குழுவிடம் இல்லை.

மென்பொருளைச் சிறு சுற்றுகளில் கட்டி, அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் அஜைல் பணிமுறை சரிப்படவில்லை என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது காரணத்தைக் குழுவுக்குள்தான் தேடுகிறார்கள். ஸ்க்ரம் மாஸ்டர் சரியில்லை, மதிப்பீடு சரியில்லை, ஆட்களுக்குப் பயிற்சி போதவில்லை என்கிறார்கள். இந்தப் பணிமுறையின் வரலாற்றையும், பொதுவெளியில் பதிவாகியிருக்கும் பெரிய வெற்றி தோல்விகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது வேறு. சிக்கல்களில் பெரும்பங்கு குழுவின் எல்லையில் பிறக்கிறது. ஒப்பந்தம், கெடு தேதி, அப்ரைசல், கிளையன்ட் பக்கம் கடைசி வார்த்தை யாருடையது என்ற விஷயம், இவை அனைத்தையும் பழையபடியே விட்டுவிட்டுக் கூட்டங்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பிறந்த வீட்டிலேயே இருந்த விரிசல்

1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெரிய மென்பொருள் அமைப்புகளைக் கட்டுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேவையை எழுதி முடித்து, வடிவமைத்து முடித்து, நிரல் எழுதி முடித்து, கடைசியில் சோதிப்பது என்ற படிவரிசையை அதில் படமாகப் போட்டார். இப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரிக்கவும் செய்தார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது. 1986இல் ஹிரோடகா டகேயூச்சியும் இகுஜிரோ நோனகாவும் ஹோண்டா, கேனன், ஃபுஜி-ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்களில் புதுப் பொருள்கள் உருவான விதத்தை ஆராய்ந்தார்கள். பல துறைக்காரர்கள் ஒரே குழுவாகத் தொடக்கம் முதல் முடிவுவரை சேர்ந்தே ஓடுவதை அங்கே கண்டு, அதை ரக்பி ஆட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஸ்க்ரம் என்ற பெயர் மென்பொருளுக்கு வந்த வழி அதுதான். ஜெஃப் சதர்லேண்ட் 1993இல் ஈசல் என்ற நிறுவனத்தில் அதைச் செய்துபார்த்தார். 1995இல் கென் ஷ்வேபரோடு சேர்ந்து டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த மாநாட்டில் முன்வைத்தார். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி 4 விழுமியங்களும் 12 கொள்கைகளும் கொண்ட அஜைல் அறிக்கை என்ற சிறிய ஆவணத்தை வெளியிட்டார்கள்.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு இவ்வளவுதான். இதற்குள் அவ்வளவாகப் பேசப்படாத ஓர் அத்தியாயம் உண்டு. நடைமுறைச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள அறிக்கையைவிட அது அதிகம் உதவும். கிரைஸ்லர் கார் நிறுவனம் தன் ஏறத்தாழ 87,000 ஊழியர்களின் சம்பளக் கணக்குக்குப் புதிய மென்பொருள் எழுதத் தொடங்கியது. சி3 என்று பெயர். 1996இல் அதற்குள் வந்த நிரலாளர் கென்ட் பெக்கும், அவர் அழைத்து வந்த ரான் ஜெஃப்ரீஸும் இணைந்துதான் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். இருவர் சேர்ந்து நிரல் எழுதுவது, சோதனையை முதலில் எழுதுவது, கிளையன்ட்டின் ஆள் ஒருவர் குழுவோடே உட்கார்ந்து எது முதலில் வேண்டும் என்று சொல்வது எல்லாம் அங்கே பழக்கத்துக்கு வந்தன. 1997இல் முதல் கட்டம் ஓடத் தொடங்கி, சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது. சில மாதங்களில், குழுவோடு உட்கார்ந்திருந்த அந்தக் கிளையன்ட் பிரதிநிதி வேலைப்பளுவும் மன அழுத்தமும் தாங்காமல் விலகினார். அவருடைய இடத்தை நிரப்ப ஆள் அமையவில்லை. அடுத்த கட்டம் வெளிவரவே இல்லை. 2000 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது.

திறமையான நிரலாளர்கள் இருந்தார்கள், முறையை உருவாக்கியவர்களே கூட இருந்தார்கள். அப்படியும், எது வேண்டும் என்று சொல்லும் ஒற்றை நபர் ஒடிந்ததும் எல்லாம் நின்றது. இன்று ப்ராடக்ட் ஓனர் என்று அழைக்கப்படும் பொறுப்பின் கதை அன்றே எழுதப்பட்டுவிட்டது. வணிகத்தின் எல்லாத் தரப்புகளின் விருப்பத்தையும் ஒருவர் தலையில் இறக்கி, அவருக்குப் போதிய நேரமும் தராமல், மேலிடத்தை மறுக்கும் அதிகாரமும் தராமல் விட்டால் அவர் ஒன்று உடைவார், அல்லது வெறும் தபால்காரர் ஆவார்.

நம் ஊர்ச் சேவை நிறுவனங்களில் நடப்பது இரண்டாவது. உண்மையான ப்ராடக்ட் ஓனர் டல்லஸிலோ லண்டனிலோ இருப்பார். அவருக்கு அங்கே முழுநேர வேலை ஒன்று இருக்கும்; குழுவுக்கு வாரத்தில் ஓரிரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஆகவே இங்கே ஒரு பிசினஸ் அனலிஸ்ட்டைப் பதிலியாக உட்கார வைக்கிறார்கள். ஒரு கேள்வி எழுந்தால் அவர் குறித்துவைப்பார், இரவுக் கூட்டத்தில் கேட்பார், விசாரித்துச் சொல்கிறேன் என்ற பதிலோடு வருவார். ஸ்பிரின்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றில் வேலை நாட்கள் பத்து. ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு நாள் ஆனால், அந்த வேலைக்கான ஐந்தில் ஒரு பங்கு நேரம் காத்திருப்பதிலேயே போய்விடுகிறது. காத்திருக்க முடியாத நிரலாளர் தன் ஊகத்தை வைத்து எழுதிவிடுகிறார். டெமோ நாளில் கிளையன்ட் முகம் சுளிக்கும்போது, தேவையை ஒழுங்காகப் புரிந்துகொள்ளவில்லை என்று குற்றம் குழுவின் மேல் விழுகிறது.

நின்றுகொண்டே கொடுக்கும் அறிக்கை

ஸ்க்ரம் கையேட்டின்படி அன்றாடக் கூட்டம் வேலை செய்பவர்களுக்கானது. 15 நிமிடத்துக்குள் அன்றைய திட்டத்தைத் தங்களுக்குள் சரிசெய்துகொள்ள வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்ற மூன்று கேள்விகள் வெறும் ஒப்பித்தலாகிவிட்டதாலோ என்னவோ, 2020 பதிப்பில் அவற்றையே எடுத்துவிட்டார்கள். இங்கே அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. மேனேஜர் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவராக அவரைப் பார்த்துச் சொல்கிறார்கள். மற்றவர்கள் மியூட்டில் வேறு வேலை பார்க்கிறார்கள். குழுவில் 10 பேருக்கு மேல் வேண்டாம் என்பது கையேட்டின் ஆலோசனை; 20 பேர், 25 பேர் உள்ள அழைப்புகள் இங்கே சாதாரணம்.

இதில் நம் பணிப் பண்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது. கல்லூரி முடித்து வந்த பெண்ணோ பையனோ, ஆன்சைட் லீடும் கிளையன்ட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் அழைப்பில், எனக்கு இது புரியவில்லை, மூன்று நாளாக நகரவில்லை என்று எப்படிச் சொல்வார்? முக்கால்வாசி முடிந்தது சார், இன்றைக்கு முடித்துவிடுவேன் என்பதுதான் வாயில் வரும். மறுநாளும் அதே வாக்கியம். பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியாது என்று சொல்வது தண்டனைக்குரியதாக இருந்த பிள்ளைகளிடம், தடைகளைத் திறந்து பேசுங்கள் என்று ஒரு ஸ்லைடு காட்டிவிட்டு எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிழையை ஒப்புக்கொண்டால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை உள்ள குழுக்களே கற்கின்றன என்று ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1999இல் ஆராய்ந்து எழுதினார். அந்த நம்பிக்கையைப் பயிற்சி வகுப்பால் தர முடியாது. மேலே இருப்பவர் முதல் கெட்ட செய்தியைக் கேட்டபோது எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்த்துத்தான் கீழே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ரெட்ரோ கூட்டத்தின் நிலைமை இன்னும் பரிதாபம். ஸ்பிரின்ட் முடிந்ததும் என்ன கெட்டது என்று மனம் விட்டுப் பேச வேண்டிய இடம் அது. அதே அறையில் ரேட்டிங் போடுபவர் உட்கார்ந்திருக்கிறார். குழுவாக வேலை செய்யச் சொல்லிவிட்டு, ஆண்டு முடிவில் அந்தக் குழுவில் இவருக்கு முதல் தரம், இவருக்குக் கடைசித் தரம் என்று பிரித்தாக வேண்டிய பெல் கர்வ் முறையைப் பல நிறுவனங்கள் கைவிடவில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் பிழையைத் தீர்க்க அரை நாள் செலவிட்டவருக்கு அதற்கான கணக்கு எங்கேயும் ஏறுவதில்லை. வேலைகளைப் பதிவுசெய்யும் ஜிராவில் அந்த டிக்கெட் வேறொருவர் பெயரில் மூடப்பட்டிருக்கும். அப்ரைசலைத் தொடாமல் அஜைலைக் கொண்டுவந்த எந்த நிறுவனமும் தன் ஊழியர்களிடம் ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் ஆணைகளை இடுகிறது. சம்பளத்தைத் தீர்மானிக்கும் ஆணைக்கே அவர்கள் கீழ்ப்படிவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எண்கள்

ஸ்டோரி பாயிண்ட் ஒரு வேலையின் சிரமத்தைக் குழு தனக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட அளவு. மணி நேரத்தில் மதிப்பிட்டால் மேலே இருப்பவர்கள் அதை வாக்குறுதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் நேரத்திலிருந்து விலகிய ஓர் எண் தேவைப்பட்டது. ஆனால் எண் என்று ஒன்று இருந்துவிட்டால் அது அறையை விட்டு வெளியே போகாமல் இருக்காது. அந்தக் குழு 60 பாயிண்ட் முடித்தது, உங்கள் குழு ஏன் 40 என்று ஒரு மேலாளர் கேட்கிறார். அடுத்த ஸ்பிரின்ட்டில் நேற்றைய 3 இன்றைக்கு 5 ஆகிறது. எல்லாரும் 60 தொடுகிறார்கள், வெளிவரும் மென்பொருளின் அளவு மாறவில்லை. ஓர் அளவை இலக்காக வைத்தால் அது அளவாக நீடிக்காது என்று பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் நாணயக் கொள்கை பற்றி எழுதியது இங்கே அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. சி3 திட்டத்தில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்ட்டைத் தான் உருவாக்கியிருக்கக்கூடும் என்றும், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துவதாகவும் வெளிப்படையாக எழுதினார்.

ஸ்பிரின்ட் தொடக்கத்தில் குழு எடுத்துக்கொள்ளும் வேலைப் பட்டியலை வாக்குறுதியாகக் கொள்ளாமல் கணிப்பாகக் கொள்ள வேண்டும் என்று ஸ்க்ரம் கையேடு 2011லேயே திருத்தப்பட்டது. ஆனாலும் முடியாமல் அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளிப்போகும் வேலையைக் குறிக்கும் ஸ்பில்ஓவர் என்ற சொல் நம் அலுவலகங்களில் குற்றப்பத்திரிகை போலவே ஒலிக்கிறது. அதைத் தவிர்க்க, ஸ்பிரின்ட்டின் கடைசி இரண்டு நாட்கள் நள்ளிரவைத் தாண்டி வேலை நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு என்றால் ஆண்டுக்கு 26 கெடு. பழைய முறையில் ரிலீஸ் நெருங்கும்போது மட்டும் வந்த நெருக்கடி இப்போது மாதத்தில் இரண்டு முறை வருகிறது. தாங்கக்கூடிய வேகத்தில் காலவரையின்றி வேலை செய்ய முடிய வேண்டும் என்பது 2001 அறிக்கையின் 12 கொள்கைகளில் ஒன்று. அதிகம் மீறப்படுவது அதுதான் என்பேன்.

அந்த நெருக்கடியில் முதலில் அடிபடுவது சோதனை. எட்டு நாள் நிரல் எழுதி, ஒன்பதாம் நாள் மாலை டெஸ்டிங்குக்குக் கொடுத்து, பத்தாம் நாள் டெமோ காட்டுகிறார்கள். தானியங்கிச் சோதனைகளையும் நிரலைச் சீரமைக்கும் வேலையையும் அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். ஸ்க்ரமின் கூட்டங்களை எடுத்துக்கொண்டு எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கின் தொழில்நுட்பப் பழக்கங்களை விட்டுவிட்டால், சில மாதங்களில் நிரல் சிக்கலாகி வேகம் படுத்துவிடும் என்று மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2009இல் எச்சரித்தார். கூட்டத்தை நாளைக்கே தொடங்கிவிடலாம். சோதனைப் பழக்கம் வேர்விட மாதக்கணக்கில் ஆகும், அந்த மாதங்களில் வேகம் குறையவும் செய்யும். அந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ளும் கிளையன்ட் ஒப்பந்தம் இருந்தால்தான் குழுவால் அதைச் செய்ய முடியும்.

ஒப்பந்தம் என்ற சுவர்

பிரிட்டனில் வருமானம் குறைந்தோருக்கான ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக்கும் யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தை 2010இல் அறிவித்தார்கள். மென்பொருளை அஜைல் முறையில் கட்டுவது என்று முடிவானது. 2013 செப்டம்பரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வெளிவந்தபோது 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள மென்பொருள் ஏற்கெனவே பயனற்றது என்று தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. அந்தத் துறை இவ்வளவு பெரிய அளவில் அஜைலை அதற்குமுன் பயன்படுத்தியதில்லை. ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்களுக்குள்ளும் நிர்வாக, கண்காணிப்பு அமைப்புகளுக்குள்ளும் அதைப் பொருத்த முடியாமல் திணறியதாகத் தணிக்கையாளர்கள் பதிவு செய்தார்கள். வேலை பெரிய வெளி நிறுவனங்களிடம் இருந்தது. ஒப்புதல் பல அடுக்கு மேலே இருந்தது. தேதியோ அமைச்சரால் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. 2013 தொடக்கத்தில் திட்டத்தை நிறுத்தி மறுசீரமைத்து, துறைக்குள்ளேயே பல திறன்கள் கொண்ட சிறு குழுவை அமைத்து, புதிதாக ஒரு மின்னணுச் சேவையைக் கட்டத் தொடங்கினார்கள். 2014 நவம்பரில் லண்டனின் சட்டன் பகுதியில் சிறிய அளவில் சோதித்து, பின்னர் நாடு முழுக்க விரித்தது அதைத்தான். முழு மாற்றம் 2017இல் முடியும் என்று முதலில் சொன்னார்கள்; அதைத் தாண்டியும் பல ஆண்டுகள் இழுத்தது.

நம் சேவை நிறுவனங்கள் அன்றாடம் மோதுவதும் இதே சுவரில்தான். எத்தனை அம்சங்கள், எந்தத் தேதி, எவ்வளவு பணம் என்று மூன்றையும் விற்பனைப் பிரிவு கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறது. பிறகு குழு உருவாகி, மாற்றத்தை வரவேற்போம் என்று சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மாற்றம் வந்தால் சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டு இரண்டு நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பேச வேண்டும். தேதியும் பணமும் அம்சங்களும் உறைந்த பிறகு நெகிழக்கூடியதாக மிஞ்சுவது குழுவின் தூக்கமும் மென்பொருளின் தரமும் மட்டுமே.

அஜைலை நிறுவனம் முழுக்கப் பெரிதாக்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் குழு அமைப்பை விவரித்து ஹென்ரிக் க்னிபெர்கும் ஆண்டர்ஸ் இவார்சனும் 2012இல் ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். இது முடிந்த பயணமல்ல, அன்றைய நிலையின் படம் மட்டுமே என்று அதிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். உலகமெங்கும் நிறுவனங்கள் ஸ்குவாட் (சிறு குழு), டிரைப் (குழுக்களின் தொகுதி) என்ற பெயர்களை மட்டும் வாங்கிப் பழைய துறைகளின் பலகைகளில் மாட்டின. நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி 2015இல் அதே பெயர்களை எடுத்துக்கொண்டபோது இன்னும் ஆழமாகப் போனது. தலைமையகத்தை 13 டிரைப்களாகவும் சுமார் 350 ஸ்குவாட்களாகவும் பிரித்து, ஊழியர்களைப் புதிய பொறுப்புகளுக்குத் திரும்ப விண்ணப்பிக்கச் சொன்னது. அது மனிதர்களுக்கு எளிதான நடவடிக்கை இல்லை. ஆனால் அதிகாரப் படிநிலையில் கைவைக்காமல் பெயர் மாற்றுவதோடு நின்றவர்களைவிட நேர்மையானது. மென்பொருளின் வடிவம் அதைக் கட்டும் நிறுவனத்தின் தகவல்தொடர்பு வடிவத்தைப் போலவே அமையும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். ஒரு சிறிய அம்சத்துக்கு ஐந்து குழுக்களின் கையெழுத்து வேண்டும் என்றால், ஐந்து குழுக்களும் இரண்டு வாரத்துக்கொரு முறை ஸ்பிரின்ட் போட்டுப் பயனில்லை.

அதிகாரம் மாறாத இந்தக் குறையை மறைக்கச் சான்றிதழ் வணிகம் உதவியது. இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து ஸ்க்ரம் மாஸ்டர் ஆகலாம். 2018இல் ஃபௌலர், குழுக்கள் மேல் முறைகளைத் திணிக்கும் இந்தத் தொழிலையே அன்றைய பெரிய சிக்கலாகச் சுட்டினார். அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி 2023 ஜனவரியில் அஜைல் பணிப்பிரிவையே கலைத்தபோது 1,100க்கும் மேற்பட்டவர்களின் பதவிகள் போயின. கூட்டத்தை நடத்துவது மட்டுமே அவர்கள் வேலை என்று நிறுவனங்கள் சுருக்கிவைத்திருந்தால், அந்தப் பதவிகள் தேவையற்றவையாகத் தெரிவதில் வியப்பில்லை. தடைகளை நீக்குவதே அவர்களின் பணி என்று ஏடு சொன்னது; தடைகளை நீக்கும் அதிகாரத்தை யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை.

அதிகாரம் இடம் மாறியபோது

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் காகித வழக்குக் கோப்புகளை மின்னணு மயமாக்க எடுத்த முதல் முயற்சியை 2005இல் சுமார் 17 கோடி டாலர் செலவுக்குப் பின் கைவிட்டது. அடுத்து வந்த சென்டினல் திட்டத்தை 2006இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். மொத்த ஒதுக்கீடு 45.1 கோடி டாலராக உயர்ந்தது. 2010 ஆகஸ்டுக்குள் 40.5 கோடி செலவாகி, நான்கு கட்டங்களில் இரண்டு மட்டுமே வந்து சேர்ந்திருந்தன. எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்தது. ஆட்களைப் பெருமளவு குறைத்து, சிறு குழுவைத் தலைமையகத்தின் அடித்தளத்திலேயே உட்கார வைத்து, இரண்டு வார ஸ்பிரின்ட்களில் நடத்தியது. அப்போதும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. 2011 இலையுதிர்காலச் சோதனையில் பழைய வன்பொருள் சுமை தாங்காமல் முடங்கியது, முதலில் சொன்ன தேதி பல மாதம் தள்ளிப்போனது. 2012 ஜூலையில் சென்டினல் எல்லாருக்கும் திறக்கப்பட்டது.

வேலை ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்தபோதும் எஃப்.பி.ஐ. கைக்கு வந்தபின்னும் அதில் இருந்தவர்களின் திறமையில் பெரிய வேறுபாடு இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மென்பொருளைப் பயன்படுத்தப்போகும் அமைப்பும், எது முதலில் என்று முடிவு செய்பவரும், எழுதுபவரும் ஒரே கட்டடத்துக்குள் வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடும் மென்பொருளைப் பார்த்து, இது போதும், அது வேண்டாம் என்று அங்கேயே சொல்ல முடிந்தது.

ஏற்றுமதிச் சேவையில் எல்லாரையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவர முடியாது. ஒப்பந்தத்தை மாற்ற முடியும். சதர்லேண்ட் ஒரு வடிவத்தை முன்வைத்திருக்கிறார். கிளையன்ட் ஒரு புதிய அம்சத்தைக் கேட்டால், அதே அளவுள்ள இன்னொன்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கட்டணமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். தேவையானது கிடைத்துவிட்டது என்று தோன்றினால், மீதித் தொகையில் 20 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு நடுவிலேயே முடித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு விதிகளுக்கும் நிபந்தனை, கிளையன்ட் தன் பக்கத்திலிருந்து முடிவெடுக்கும் ஆளை ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் அனுப்பிவைக்க வேண்டும் என்பது. அனுப்பத் தவறினால் சலுகைகள் ரத்து. சி3 முதல் யுனிவர்சல் கிரெடிட் வரை காணாமல்போன ஆளை ஒப்பந்தத்தின் மூலமாகவே வரவழைக்கும் ஏற்பாடு இது.

இதை ஏற்கத் தயங்குவது கிளையன்ட் மட்டுமல்ல. வேலை சீக்கிரம் முடிந்தால் இங்கே குழு அடுத்த திட்டம் வரும்வரை பெஞ்சில் உட்காரும், அந்த மாதம் பில்லிங் எண்ணிக்கை இறங்கும், கணக்கு மேலாளரின் காலாண்டு இலக்கு தவறும். தலைக்கணக்கில் வருமானம் ஈட்டும் நிறுவனத்துக்கு விரைவாக முடிக்கும் குழு நட்டக் கணக்கில்தான் வரும். சேவை நிறுவனங்களின் நிதிப் பிரிவும் விற்பனைப் பிரிவும் இந்தப் பேச்சுக்குள் ஒருமுறைகூட அழைக்கப்படாமல், நிரலாளர்களுக்கு மட்டும் ஆண்டுதோறும் அஜைல் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த பயிற்சி வகுப்புக்கான பெயர்ப் பட்டியலில் அந்த இரண்டு பிரிவுகளின் தலைவர்களையும் சேர்க்க வேண்டும்.